கண் விழிக்கும் கணிப்பொறி

பொன்னை இழந்தவன் உழைத்து மீண்டும் பொன்னை ஈட்டலாம். காலத்தை இழந்தவனுக்கு அவ்வழி இல்லை. இவ்வுண்மையை அறியாதார் இலர். ஆயினும், ஒரு நாளை முழுவதும் வீணாக்க அஞ்சும் நாம், ஒரு நிமிடத்தை வீணாக்க அஞ்சுவதில்லை. நாள் என்பது நிமிடங்களால் ஆனது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

வீடு ஒன்றில் கணிப்பொறி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, பாடத்திற்கு வேண்டிய குறிப்பு ஒன்றைத் தேடும் பொருட்டு அதன் விசையை அழுத்துகிறாள். திரையில் ஒளி தோன்றுகிறது. சிறு வட்டம் ஒன்று சுழலத் தொடங்குகிறது. அவள் எழுந்து சென்று நீர் பருகிவிட்டு வருகிறாள். அப்பொழுதும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. மூன்று நிமிடங்கள் கழிந்த பின்னரே அவள் விரும்பிய பக்கம் திறக்கிறது. "இது பழைய பொறி, வாங்கி ஏழாண்டுகள் ஆகிவிட்டன, இனிப் புதியது வாங்கினால்தான் பயன்" என்று வீட்டார் பேசிக்கொள்கின்றனர். புதியது வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அத்தொகையைத் திரட்டும் வழிதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்பொறி உண்மையிலேயே முதுமை எய்திவிட்டதா? அல்லது அதன்மீது ஏற்றப்பட்ட சுமைதான் அதைத் தளர்த்துகிறதா? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், விசையை அழுத்திய கணம் முதல், பொறி வேலைக்கு ஆயத்தமாகும் வரை, அதனுள் நிகழ்வன யாவை என்பதை நாம் அறிதல் வேண்டும்.

அதற்கு முன்னர், இத்தகைய சிறு காலத்தையும் பெரிதாக மதித்த ஒருவரைப் பற்றிய செய்தியைக் காண்போம். அமெரிக்க நாட்டில் ஆப்பிள் நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டில் மக்கின்டாஷ் என்னும் கணிப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அதற்குரிய நிரல்களை எழுதியவருள் ஒருவர் லாரி கென்யன் என்பார். ஒரு நாள் ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடம் வந்து, பொறி ஆயத்தமாக நெடுநேரம் ஆகிறது என்றும், அந்நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் கூறினார். கென்யன் தாம் செய்யக்கூடிய திருத்தங்களை விளக்கத் தொடங்கினார். ஜாப்சோ வேறொரு கணக்கை அவர்முன் வைத்தார். சில ஆண்டுகளில் ஐம்பது இலட்சம் மக்கள் நாள்தோறும் ஒரு முறையேனும் இப்பொறியை இயக்குவர். ஒவ்வொருவருக்கும் பத்து நொடி மிஞ்சினால், ஆண்டு முழுவதும் சேரும் காலம் பல மனிதர்களின் வாழ்நாளுக்கு ஈடாகும். ஆகவே, பத்து நொடியைக் குறைப்பவர் பல உயிர்களைக் காத்தவர் ஆவார் என்பது அவர் கருத்து. கென்யன் அடுத்த சில மாதங்களில் பத்து நொடிக்கு மேலாகவே குறைத்துக் காட்டினார். இச்செய்தியை, அவர்களோடு உடன் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்பார் பின்னாளில் எழுதியுள்ளார்.

அக்கணக்கு மிகைப்பட்டதா என்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஐம்பது இலட்சம் பேருக்குப் பத்து நொடி வீதம் நாளொன்றுக்கு ஐந்து கோடி நொடிகள் ஆகின்றன. ஒரு நாளில் உள்ள நொடிகள் 86,400. ஐந்து கோடியை 86,400ஆல் வகுத்தால் ஏறத்தாழ 579 நாட்கள் கிடைக்கின்றன. அஃதாவது, ஒவ்வொரு நாளும் 579 நாட்களும், ஒவ்வோர் ஆண்டும் 579 ஆண்டுகளும் மிஞ்சுகின்றன. மனிதனின் வாழ்நாளை எழுபது ஆண்டு எனக் கொண்டால், இஃது எட்டு மனிதர் வாழும் காலம் ஆகும். சிறு துளி பெருவெள்ளம் என்பது காலத்திற்கும் பொருந்துவதைப் பாருங்கள்.

இனிக் கணிப்பொறியின் உள்ளே செல்வோம். கணிப்பொறிக்கு இருவகை நினைவுகள் உண்டு. ஒன்று தற்காலிக நினைவகம். இது மிக விரைந்து செயற்படுவது. ஆனால், மின்னோட்டம் நின்றவுடன் தன்னிடமுள்ள அனைத்தையும் மறந்துவிடுவது. மற்றொன்று சேமிப்பகம். இது முன்னதைவிட மெதுவாகச் செயற்படுவது. ஆனால், மின்னோட்டம் இல்லாதபொழுதும் தன்னிடம் வைத்தவற்றைக் காத்து வருவது. முன்னதை வகுப்பறையின் கரும்பலகைக்கும், பின்னதைப் புத்தக அலமாரிக்கும் ஒப்பிடலாம். கணிப்பொறியின் மூளை எனத்தக்க மையச் செயலகம், கரும்பலகையில் எழுதப்பட்டவற்றைப் படித்தே வேலை செய்யும். அலமாரியில் உள்ளவை கரும்பலகைக்கு வந்து சேரும் வரை அவற்றால் அதற்குப் பயன் இல்லை. மாலையில் பொறியை நிறுத்தினால் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடுகிறது. மறுநாட் காலையில் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்து மீண்டும் எழுதியாக வேண்டும். நாம் காத்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதி இவ்வேலையிலேயே கழிகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். அலமாரியிலிருந்து எடுத்து எழுது என்று பொறிக்குச் சொல்வது எது? அக்கட்டளையும் எங்கேனும் எழுதப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? கரும்பலகையோ வெறுமையாக இருக்கிறது. விதையின்றி மரம் இல்லை. மரமின்றி விதை இல்லை என்பது போன்ற சிக்கல் இது. முற்காலத்துப் பொறியாளர் இதை உடலுழைப்பால் தீர்த்தனர். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியின் முகப்பில் சிறு விசைகள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளித் தொடக்கக் கட்டளைகளை மனிதரே உள்ளே புகுத்த வேண்டியிருந்தது. ஒரு விசை தவறினாலும் பொறி இயங்காது.

பின்னர், என்றும் அழியாத சிறு நினைவகம் ஒன்றில் அவ்விதையைப் பதித்துப் பொறியிலேயே பொருத்திவிடும் வழக்கம் பரவியது. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொறியில் இதற்குப் பயாஸ் என்று பெயர். இக்காலப் பொறிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் அமைப்பு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. இவ்வாறு பொறி தன்னைத் தானே தொடங்கிக்கொள்வதைப் 'பூட்' ஆதல் என்பர். காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னை உயர்த்திக்கொள்ளுதல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரிலிருந்து பிறந்த சொல் அது.

விசையை அழுத்தியதும் முதலில் இவ்விதை உயிர் பெறுகிறது. அது நினைவகம், விசைப்பலகை, சேமிப்பகம் முதலிய உறுப்புகள் நலமாக உள்ளனவா என்று சோதிக்கிறது. அடுத்து, சேமிப்பகத்தில் உள்ள ஏற்றி என்னும் சிறு நிரலைக் கண்டு அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஏற்றியானது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் கொணர்ந்து வைக்கிறது. கருவானது திரை, ஒலி, வலையமைப்பு ஆகியவற்றை இயக்கும் துணை நிரல்களை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இறுதியில், நாம் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே புகுகிறோம். அதன்பின் நமக்கென்று அமைந்த நிரல்கள் எழுகின்றன. இவ்வாறு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு விளக்கு மாறுவது போலப் பொறுப்பு மாறிச் செல்கிறது.

பழைய வீட்டுக் கணிப்பொறிகள் இத்துணைக் காலம் எடுத்துக்கொள்ளவில்லையே என்று முதியோர் சிலர் கூறக் கேட்கலாம். அஃது உண்மையே. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த கொமொடோர் 64 என்னும் பொறி, விசையைத் தட்டிய சில நொடிகளில் ஆயத்தமாகிவிடும். அதன் அடிப்படை நிரல்கள் அனைத்தும் 20 கிலோபைட்டு அளவே உடையவை. அவை அழியா நினைவகத்திலேயே இருந்தமையால், வேறெங்கிருந்தும் எடுத்துவர வேண்டிய தேவை எழவில்லை. ஆனால், அப்பொறியால் செய்ய இயன்றவையும் சிலவே. இக்கால இயங்குதளமோ பல ஜிகாபைட்டு அளவினது. படம் காட்டும், பாட்டு இசைக்கும், உலகத்தோடு தொடர்பு கொள்ளும், பகைவரிடமிருந்து நம்மைக் காக்கும். ஆதலின், காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி, நாம் பெறும் பயனுக்கு உரிய விலையே ஆகும். எஞ்சிய பகுதியோ வீண் செலவு. விலையையும் வீண் செலவையும் பிரித்தறிவதே நம் வேலை.

வீண் செலவிற்குரிய முதற் காரணம் மெதுவான சேமிப்பகம். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956ஆம் ஆண்டில் வன்வட்டு என்னும் சேமிப்பகத்தை உலகிற்கு அளித்தனர். பெரிய வட்டுகள் ஐம்பது கொண்ட அந்த அமைப்பு, ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அதன் வழிவந்த வன்வட்டு இன்றும் பல பழைய வீட்டுக் கணிப்பொறிகளில் உள்ளது. சுழலும் தட்டின்மீது ஒரு கை அங்குமிங்கும் நகர்ந்து, வேண்டிய செய்தி உள்ள இடத்தைத் தேடிப் படிக்கிறது. தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் ஒரு நொடியில் 120இல் ஒரு பங்கு. வேண்டிய இடம் கையின்கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதற்கு முன்னர்க் கை நகர்ந்து வரவும் நேரம் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் 13 பங்கு ஆகின்றன. கேட்பதற்கு மிகச் சிறிய அளவே. ஆனால், தொடக்கத்தின்பொழுது வட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் 4,000 துண்டுகளைப் படிக்க நேர்ந்தால், தேடுவதற்கு மட்டுமே 52 நொடிகள் கழிந்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்தது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்கா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபொழுது கண்டறிந்து, 1984ஆம் ஆண்டில் அறிவித்த ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. இதில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் கையும் இல்லை. எந்த மூலையில் உள்ள செய்தியையும் ஏறத்தாழ ஒரு நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு காலத்தில் எடுத்துவிடலாம். முன்னர்க் கூறிய 4,000 துண்டுகளைத் தேட இதற்கு அரை நொடியும் வேண்டுவதில்லை. பழைய வன்வட்டை நீக்கிவிட்டு இதைப் பொருத்தினால், ஏழாண்டுப் பொறியும் புதுப் பொறி போல எழுவதைக் காணலாம். இதற்கு ஆகும் செலவு, புதிய கணிப்பொறியின் விலையில் ஒரு சிறு பகுதியே.

இரண்டாவது காரணம் வாயிலில் கூடும் கூட்டம். திருமண வீட்டில் காலை உணவுக்கு இலை போட்டவுடன், ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் பந்தியில் அமர முயன்றால் என்ன ஆகும்? பரிமாறுவோர் திணறுவர், ஒருவருக்கும் விரைவில் உணவு கிடைக்காது. கணிப்பொறியிலும் இத்தகைய நெருக்கடி உண்டாகிறது. நாம் புதிதாக நிறுவும் நிரல்கள் பல, பொறி எழும்பொழுதே தாமும் எழ வேண்டும் என்று ஒரு பட்டியலில் தம் பெயரைப் பதிந்துகொள்கின்றன. இசை கேட்கும் நிரல், அரட்டை அடிக்கும் நிரல், விளையாட்டுக் கடையின் நிரல், அச்சுப்பொறியோடு வந்த உதவி நிரல் என அவை பலவாகும். இவற்றுட் பெரும்பாலானவை நம்மை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. நிறுவும்பொழுது தோன்றும் கட்டங்களைப் படியாமல் நாம் அழுத்தும் ஒப்புதலே அவற்றிற்கு நுழைவுச் சீட்டாகிவிடுகிறது. ஆண்டுதோறும் பொறி தளர்வது போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இக்கூட்டமே காரணம். பொறி மூப்படையவில்லை, விருந்தினர் பெருகிவிட்டனர்.

மூன்றாவது காரணம் நினைவகத்தின் பற்றாக்குறை. கரும்பலகை சிறியதாயின், எழுதியதை அழித்து அழித்துத்தான் எழுத வேண்டும். நினைவகம் நிறைந்தவுடன் இயங்குதளம் அதிலுள்ளவற்றுட் சிலவற்றை மீண்டும் சேமிப்பகத்திற்கே அனுப்பி இடம் தேடுகிறது. வன்வட்டும் சிறு நினைவகமும் ஒருங்கே அமைந்த பொறியின் நிலை இரங்கத்தக்கது. விண்டோஸ் 11க்கு வேண்டிய குறைந்த அளவு நினைவகம் 4 ஜிகாபைட்டு என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் குறித்துள்ளனர். குறைந்த அளவு என்பது உயிர் தரிக்கப் போதுமான கஞ்சி போன்றது. வயிறார உண்பதற்கு அதனினும் மிகுதியாக வேண்டும். பல பொறிகளில் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள இடம் உண்டு.

காரணங்களை அறிந்தோம். இனி மருத்துவம் பார்க்கலாமா? நோயை ஆராயாமல் மருந்து கொடுப்பது நன்மருத்துவன் செயல் அன்று. முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். கடிகாரம் ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். விசையை அழுத்தியது முதல் இயங்குதளத்தின் சின்னம் தோன்றும் வரை ஆகும் நேரம் முதற்பகுதி. சின்னம் தோன்றியது முதல் கடவுச்சொல் கேட்கும் வரை ஆகும் நேரம் இரண்டாம் பகுதி. கடவுச்சொல் கொடுத்தது முதல், தடையின்றி வேலை செய்ய இயலும் வரை ஆகும் நேரம் மூன்றாம் பகுதி. மூன்று நாட்கள் அளந்து எழுதுங்கள். எப்பகுதி நீண்டுள்ளதோ அங்கேதான் நோய் உள்ளது.

முதற்பகுதி நீண்டிருந்தால், குறை பெரும்பாலும் விதை நிரலின் வேலையில் இருக்கும். பொறியில் செருகிய பென்டிரைவ் முதலியவற்றை எடுத்துவிடுங்கள். விதை நிரல் அவற்றிலும் ஏற்றியைத் தேடிக் காலம் போக்கக்கூடும். இயங்குதளம் உள்ள சேமிப்பகத்தையே முதலில் நாடுமாறு வரிசையை மாற்றி அமைக்கவும் வழி உண்டு. அதைப் பெரியவர் ஒருவர் துணையோடு செய்தல் நன்று. இரண்டாம் பகுதி நீண்டிருந்தால், சேமிப்பகத்தின் மெதுமையை முதலில் ஐயுறலாம். எஸ்.எஸ்.டி. பொருத்துவது இதற்கு ஏற்ற மருந்து. எனினும், அதற்குமுன் உங்கள் படங்களையும் எழுத்துகளையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க மறவாதீர்கள். பொருளை இழந்து விரைவைப் பெறுவதில் பயன் இல்லை.

மூன்றாம் பகுதி நீண்டிருந்தால், ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை. விண்டோசில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் மேற்பார்வைப் பலகை திறக்கும். 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, ஸ்டார்ட்டப் என்னும் பட்டியல் அப்பலகையிலேயே உள்ளது. வாயிலில் நிற்கும் விருந்தினர் அனைவரின் பெயரும் அங்கே காணப்படும். ஒவ்வொன்றும் தொடக்கத்திற்கு எவ்வளவு சுமை தருகிறது என்பதும் மிகுதி, நடுத்தரம், குறைவு எனக் குறிக்கப்பட்டிருக்கும். மையச் செயலகத்தின் காலத்தில் ஒரு நொடிக்கு மேலாகவோ, சேமிப்பகத்தில் 3 மெகாபைட்டுக்கு மேலாகவோ எடுத்துக்கொள்ளும் நிரலே மிகுதி என்னும் வகையில் அடங்கும். மக்கின்டாஷ் பொறியில் அமைப்புகள் பகுதியிலும், லினக்சில் சிஸ்டம்டி-அனலைஸ் என்னும் கட்டளையாலும் இத்தகைய செய்தியை அறியலாம்.

பட்டியலைக் கண்டவுடன் அனைத்தையும் விரட்டிவிட முற்படுதல் தவறு. ஒவ்வொரு பெயரையும் நோக்கி இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இஃது இன்னது செய்வது என எனக்குத் தெரியுமா? பொறி எழும் அக்கணத்திலேயே இஃது எனக்கு வேண்டுமா? தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வரை தொடாதிருங்கள். நச்சு நிரல்களைத் தடுக்கும் காவல் நிரலை நிறுத்தலாகாது. வாயிற்காவலனை அனுப்பிவிட்டு வீட்டை விரைந்து திறப்பது அறிவுடைமை ஆகாது. ஒலி, தொடுபலகை முதலியவற்றிற்கு உரிய நிரல்களும், நாள்தோறும் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் நிரலும் இருக்க வேண்டியவை. இசை நிரலும் விளையாட்டு நிரலும் நாம் அழைக்கும்பொழுது வந்தால் போதும். அவற்றைப் பட்டியலில் நிறுத்தி வைப்பதனால் அவை அழிந்துவிடுவதில்லை. தாமாக வரும் உரிமையை மட்டுமே இழக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்றாக நிறுத்தி, மீண்டும் அளந்து எழுதுங்கள். இன்னல் ஏதேனும் நேர்ந்தால், அதற்குக் காரணம் எது என்பது உடனே விளங்கிவிடும். மீண்டும் அதை அனுமதிக்கலாம்.

அளக்கும்பொழுது கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 8 முதற்கொண்டு விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு வந்துள்ளது. இது செயற்படும் பொறியில் ஷட் டவுன் கொடுத்தால், இயங்குதளத்தின் கரு முற்றிலும் அழிவதில்லை. அதன் நிலை அப்படியே சேமிப்பகத்தில் எழுதி வைக்கப்படுகிறது. மறுநாள் அதைப் படித்து விரைவில் எழுந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தாலோ அனைத்தும் புதிதாகவே தொடங்கும். ஆகவே, நிறுத்தி எழுப்பிய நேரத்தையும், ரீஸ்டார்ட் கொடுத்த நேரத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது. பொறி தடுமாறும்பொழுது ரீஸ்டார்ட் கொடுத்தால் அது தெளிவு பெறுவதற்கும் இதுவே காரணம்.

போலி மருந்துகளும் சந்தையில் உண்டு. ஒரே அழுத்தில் பொறியைப் பன்மடங்கு விரைவாக்குவோம் என்று முழங்கும் நிரல்கள் சில, தாமே வாயிலில் வந்து நின்று கூட்டத்தைப் பெருக்குகின்றன. செயலகத்தின் உட்கருக்கள் எத்தனை என்று குறிக்கும் கட்டம் ஒன்று விண்டோசில் உண்டு; அதில் பெரிய எண்ணை இட்டால் விரைவு கூடும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அக்கட்டம், சோதனைக்காக உட்கருக்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதற்கே அமைந்தது. எதையும் குறியாதபொழுது இயங்குதளம் எல்லா உட்கருக்களையும் பயன்படுத்தவே செய்கிறது. எஸ்.எஸ்.டி. உள்ள பொறியில், வன்வட்டிற்குச் செய்வது போலச் சிதறிய துண்டுகளை அடிக்கடி ஒன்றுசேர்க்க முனைவதும் வேண்டாத வேலை. அங்கே நகரும் கை இல்லாமையால் அதனால் வரும் பயன் மிகச் சிறிது. எழுதி எழுதி அதன் வாழ்நாள் குறைவதே மிச்சம்.

அளந்து, ஆராய்ந்து, வேண்டாததை நீக்கும் இம்முறை எத்துணை ஆற்றலுடையது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். 2008ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் லினக்ஸ் அறிஞர் மாநாடு ஒன்று நடைபெற்றது. அங்கே இன்டெல் நிறுவனத்தைச் சார்ந்த ஆர்யன் வான் டெ வென், அவுக்கே கோக் என்னும் இருவர், ஏசஸ் ஈ பி.சி. என்னும் எளிய சிறு மடிக்கணிப்பொறியை ஐந்தே நொடிகளில் எழச் செய்து காட்டினர். அவர்கள் ஆற்றல் மிக்க பொறி எதையும் நாடவில்லை. இல்லத்தரசி மாத வருவாயைப் பங்கிடுவது போல, அவ்வைந்து நொடியைப் பங்கிட்டனர். கருவிற்கு ஒரு நொடி, துணை நிரல்களுக்கு ஒரு நொடி, திரையை அமைப்பதற்கு ஒரு நொடி, முகப்பிற்கு இரண்டு நொடி என்பது அவர்கள் வகுத்த திட்டம். முகப்புத் தோன்றினால் மட்டும் போதாது. செயலகமும் சேமிப்பகமும் வேலை முடிந்து அமைதியுற்றால்தான் தொடக்கம் முடிந்ததாகும் என்றும் வரையறுத்துக்கொண்டனர். பின்னர் ஒவ்வொரு நொடியும் எங்கே செல்கிறது என ஆராய்ந்தனர். திரையை அமைக்கும் பகுதி, விசைப்பலகைக்குரிய அட்டவணையை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆக்கிப் பின் அழித்துவிடுவதைக் கண்டனர். மாறாத ஒன்றை நாள்தோறும் ஏன் ஆக்க வேண்டும்? ஒரு முறை ஆக்கியதைக் காத்து வைத்தால் போதுமன்றோ? இத்தகைய சிறு சிறு திருத்தங்கள் பல கூடியே அவ்வெற்றியை ஈட்டித் தந்தன.

நாம் முதலில் கண்ட மாணவியின் வீட்டிற்கு மீண்டும் செல்வோம். நாளொன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஆண்டிற்கு 1,095 நிமிடங்கள்; அஃதாவது, பதினெட்டு மணி நேரத்திற்கு மேல். அவள் ஒரு மாலைப்பொழுதில் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தால், அக்காலத்தின் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். புதிய பொறிக்காகக் கடன் வாங்க எண்ணிய வீட்டாரின் கவலையும் நீங்கலாம். நற்பொறி ஒன்று குப்பைக்குச் செல்வதும் தவிர்க்கப்படலாம். அனைத்தும் செய்து பார்த்த பின்னரும் பொறி எழவில்லையாயின், அப்பொழுது புதியதை வாங்குவதில் தவறில்லை. ஆராயாமல் குற்றம் சாட்டுவதுதான் தவறு.

மாணவர்களே, விசையை அழுத்திவிட்டு வாளா அமர்ந்திருப்பவன், பொறி கூறும் வரை காத்திருக்கிறான். ஏன் இத்துணை நேரம் என்று வினவுபவனோ, பொறியைத் தன் ஏவலுக்குக் காத்திருக்கச் செய்கிறான். இன்று மாலை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறியின்முன் அமரும்பொழுது, கடிகாரத்தை ஒரு முறை நோக்குங்கள். சுழலும் அச்சிறு வட்டத்தின் பின்னே நடப்பது யாது என்பதை இப்பொழுது நீங்கள் அறிவீர்கள். அங்கே கழியும் நொடி பொறியினுடையது அன்று, உங்களுடையது.